மூச்சு வாங்குற பேஷண்ட்டுக்கு பெட்லயே ஸ்கேன் வச்சுப் பாக்கலாமா?

மன்னார்குடி நைட் டூட்டி:
வணக்கம் சீனியர்ஸ். இங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரில இருக்கேன். சம்பா அறுவடை ஆரம்பிச்சதுலேருந்து தூசில மூச்சு இரைச்சு தினம் ரெண்டு மூணு பேர் வர்றாங்க, அதனால போன வாரம் விடியக்காலைல ஒரு பெரியவர் வீசிங்கோட வந்தப்ப நானும் தூசிதான்னு நினைச்சு நெபுலைசர் வச்சேன், பீடி பழக்கம் வேற இருக்கு, ஆனா முன்னாடி அட்டாக் வந்தவர், கொஞ்சமும் குறையல, கடைசில லேசிக்ஸ் (நீர் பிரிய வைக்கிற மருந்து) போட்டப்புறம்தான் மூச்சு நிதானத்துக்கு வந்துச்சு. அந்த ஒரு மணி நேரம் அவர் பட்ட பாடு கண்ணுலயே நிக்குது. எக்ஸ்ரே எடுக்குறவர் காலைலதான் வருவார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மிஷின் பக்கத்து ரூம்லயே இருக்கு. அத வச்சு இதயமா நுரையீரலான்னு பிரிச்சுட முடியுமா?

குடந்தை எமர்ஜென்சி:
பெரும்பாலும் முடியும் தம்பி. வயித்துக்கு வைக்கிற வளைஞ்ச ப்ரோபே (உடம்புல வச்சுப் பாக்குற கைக்கருவி) போதும், முன் நெஞ்சுல ரெண்டு விலா எலும்புக்கு நடுவுல வைங்க. ப்ளூரா (நுரையீரலச் சுத்தியிருக்குற சவ்வு) கோடு மூச்சுக்கு ஏத்த மாதிரி வழுக்கும், வயல் தண்ணி மேல காத்து பட்டா மினுங்குமே அப்படி. அதுக்குக் கீழ படுக்கைக் கோடா அடுக்கடுக்கா தெரிஞ்சா ஏ லைன். ஆல விழுது மாதிரி ப்ளூராவுலேருந்து ஸ்கிரீன் அடி வரைக்கும் மங்காம இறங்குனா பி லைன், ஒரே விலா இடைவெளில மூணும் அதுக்கு மேலயும் ரெண்டு பக்கமும் இருந்தா நுரையீரல்ல நீர் கோத்துருக்குன்னு நினைக்கணும், உங்க பெரியவருக்கு அதுதான் தெரிஞ்சிருக்கும். ஏ லைனோட வழுக்கலும் இருந்தா ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) பக்கம் போங்க, ஆனா கால் ரத்தக்குழாயப் பாக்காம விட்றாதீங்க, எம்பாலிசமும் (கால்ல கட்டுன ரத்தம் போய் நுரையீரல் குழாய அடைக்கிறது) இப்படித்தான் ஏமாத்தும். பிரெஞ்சு டாக்டர் லிக்டென்ஸ்டைன் 2008ல இந்த முறைய ப்ளூ ப்ரோட்டோகால்னு எழுதுனார், 260 பேர்ல 90.5 சதவீதம் சரியா வந்துச்சு, அது ஐசியூ பேஷண்ட்ஸ்ங்கிறத மனசுல வைங்க.

ஐசியூ சிஸ்டர்:
டாக்டர், மூச்சு வாங்குறவங்கள ஸ்கேனுக்காகப் படுக்க வைக்காதீங்க, உக்காந்த வாக்குலயே பாருங்க, ஆக்சிஜன் முதல்ல ஓடட்டும்.

திருவாரூர் பிசிசியன்:
ஒண்ணு சேத்துக்குறேன். நிமோனியாவுலயும் ஃபைப்ரோசிஸ்லயும் (நுரையீரல் தழும்பேறுறது) கூட பி லைன் வரும், ஒரு பக்கம் மட்டும்னா காய்ச்சல் இருக்கான்னு கேளுங்க. வழுக்கல் இல்லேன்னதும் நியூமோதோராக்ஸ்னு (நுரையீரலச் சுத்தி காத்து அடைச்சிருக்குன்னு) ஊசி குத்திடாதீங்க, பழைய ஒட்டலா இருக்கலாம், லங் பாயிண்ட் (வழுக்குற இடமும் வழுக்காத இடமும் சேர்ற புள்ளி) கிடைச்சா நம்பலாம், ஆனா பிபி விழுந்து உயிர் ஊசலாடுறப்ப அதத் தேடிட்டு நிக்காதீங்க. அப்புறம் நெஞ்சு மட்டும்தான் பாக்குறோம்னாலும் மிஷினுக்கு 1994 கருவறிதல் சட்டப் (கருவுல ஆணா பொண்ணான்னு பாக்குறதத் தடுக்குற சட்டம்) பதிவு இருக்கணும், உங்க பேரையும் சேக்கணுமான்னு ஜேடி (மாவட்ட சுகாதார இணை இயக்குநர்) ஆபீஸ்ல கேட்டுக்குங்க.

மன்னார்குடி நைட் டூட்டி:
ரொம்ப நன்றி, ஆபீஸ்ல கேட்டு முடிச்சுட்டுதான் ப்ரோப தொடுவேன். கால்ல எங்க பாக்கணும் சார்?

குடந்தை எமர்ஜென்சி:
தொடை இடுக்கு, முழங்கால் மடிப்புக்குப் பின்னாடி, ரெண்டு இடம். லீனியர் (நேரான முகப்பு உள்ள) ப்ரோப வச்சு அமுக்குங்க, வெயின் (ரத்தக்குழாய்) முழுசா ஒட்டிக்கணும். ஒட்டலேன்னா உள்ள ரத்தம் கட்டியிருக்கு, உடனே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புங்க.