15க்கு 11 அடி அறையில் பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்கள் மறைவது ஏன்?

தெற்குத்தாழ்வாரம் (கேள்வி):

வணக்கம். 15 அடி நீளமும் 11 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையில், 5 அங்குல வூஃபர் (அடியொலிக்கான கூம்பு) கொண்ட இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை ஸ்டாண்டுகளின் மீது வைத்துக் கேட்டு வருகிறேன். பெட்டிகளின் பின்புறம் காற்றுத் துளை உண்டு. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக்கு 50 வாட் தருவது. 11 அடிச் சுவரிலிருந்து ஸ்பீக்கர்களின் முகப்பு 2 அடி முன்னால் இருக்கிறது; என் நாற்காலி அறையின் சரிநடுவில் இருக்கிறது. சுவர்கள் செங்கல், மேலே கான்கிரீட் தளம்.

குரலும் வயலினும் குறை சொல்ல முடியாதபடி ஒலிக்கின்றன. பேஸில், அதாவது அடியொலியில்தான் மனம் நிறையவில்லை. எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் தனி மெட்டாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதில் சில சுரங்கள் மட்டும் தடித்து அறை முழுவதும் முழங்குகின்றன. அவற்றுக்குக் கீழே இறங்கும் சுரங்களோ, விரல் கம்பியைத் தொடும் ஓசையை மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிடுகின்றன. விசித்திரம் என்னவென்றால், நான் எழுந்து பின்பக்கக் கதவருகே போனால் அதே பேஸ் கனமாகக் கேட்கிறது. டோன் கண்ட்ரோலில் பேஸைக் கூட்டினால் முழங்குவது மேலும் முழங்குகிறதே தவிர, மறைந்தது திரும்பவில்லை.

கடையில் விசாரித்தபோது 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். வீட்டில் குழந்தை இருப்பதால் இரவில் ஒலியைக் குறைத்துத்தான் கேட்க முடியும். பணத்தை எதில் போடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழையவால்வு:

முதலில் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தால் இரண்டு வூஃபர்களும் எதிரெதிராக இயங்கி, பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு ஸ்பீக்கர்களையும் நெருக்கமாக வைத்து, ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றிப் பாருங்கள்; எந்த இணைப்பில் பேஸ் கூடுகிறதோ அதுவே சரியானது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நாற்பதுஹெர்ட்ஸ்:

கதவருகே பேஸ் கனமாகக் கேட்கிறது என்ற வரியிலேயே விடை இருக்கிறது. ஸ்பீக்கர் அந்தச் சுரத்தை வெளியிடத்தான் செய்கிறது. நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில்தான் அது இல்லை. ஆகவே ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதில் பயனில்லை. வாட் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு), அதுவும் ஒலியை முழுவதுமாக ஏற்றினால்தான். இரவில் மெதுவாகக் கேட்கும் உங்களுக்கு இப்போதுள்ள 50 வாட்டே முழுதாகச் செலவாகப் போவதில்லை.

உங்கள் அறையின் அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 15 அடி என்பது 4.57 மீட்டர், அதன் இரட்டிப்பால் 343ஐ வகுத்தால் 37.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 37.5 அதிர்வுகள்) வரும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதித் திரும்பும் அலைகள் இந்த அதிர்வெண்ணிலும் இதன் மடங்குகளான 75, 112 ஹெர்ட்ஸ்களிலும் ஒன்றோடொன்று சேர்ந்து, அறைக்குள் அசையாத மேடு பள்ளங்களாக (ஒலி மிகும் இடம் மேடு, குறையும் இடம் பள்ளம்) நின்றுவிடுகின்றன. 37.5 ஹெர்ட்ஸுக்கு இரு சுவர்களிலும் மேடு, அறையின் சரிநடுவில் பள்ளம். 75 ஹெர்ட்ஸுக்குச் சுவர்களில் மட்டுமல்லாமல் நடுவிலும் மேடு. அதன் பள்ளங்கள் நீளத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் விழுகின்றன.

இப்போது பேஸ் கிட்டாரின் கம்பிகளைப் பாருங்கள். மிகத் தடித்த இ (E) கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ (A) கம்பி 55, டி (D) கம்பி 73, ஜி (G) கம்பி 98. உங்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் டி சுரம் கிட்டத்தட்ட மேட்டின் உச்சியில் விழுகிறது. இ சுரமும் அதை அடுத்த எஃப் சுரமும் பள்ளத்தில் விழுகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் குறை இதேதான். அகலத்துக்குரிய 51 ஹெர்ட்ஸும் இருக்கிறது. ஆனால் இரு ஸ்பீக்கர்களும் பக்கச்சுவர்களிலிருந்து சமதூரத்தில் இருந்தால் பேஸ் விஷயத்தில் அது பெரிதாகத் தலைகாட்டாது.

எனவே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். உங்கள் தலை பின்சுவரிலிருந்து 4 அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், அதாவது அறை நீளத்தின் முக்கால் பங்கில் வந்தால், 75 ஹெர்ட்ஸ் முழக்கம் அடங்கும், 37.5 ஹெர்ட்ஸ் பக்கம் உயிர் வரும். கணக்கு செவ்வகமான வெற்று அறைக்குத்தான் பொருந்தும். கதவும் ஜன்னலும் பரணும் அதைச் சற்று நகர்த்திவிடும். ஆகவே டி சுரம் அடிக்கடி வரும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திக் காதால் முடிவு செய்யுங்கள்.

ஸ்பீக்கர்கள் சுவரை விட்டு முன்னால் நிற்க வேண்டும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். 2 அடி தள்ளி நிற்கும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் அலை 140 ஹெர்ட்ஸ் வாக்கில் நேரலையை எதிர்த்து அதைக் குறைக்கிறது. ஆண் குரலின் அடித்தளமும் மிருதங்கத்தின் தொப்பியும் உலவும் பகுதி அது. பின்பக்கத் துளை மூச்சுவிட ஒரு சாண் இடம் விட்டு, ஸ்பீக்கர்களைச் சுவருக்கு நெருக்கமாக வைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளம் மேல் அதிர்வெண்ணுக்கு நகரும், அடியொலியும் கூடும்.

வெளிநாட்டுத் தளங்களின் அறிவுரையைப் படிக்கும்போது இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மீது ஜிப்சம் பலகை அறைந்த சுவர்கள். ஆழ்ந்த ஒலி படும்போது அவை சற்று வளைந்து அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், கடத்தியும் விடும். நம் செங்கல் சுவர் அப்படி எதையும் விட்டுக்கொடுக்காது. மேடும் பள்ளமும் இங்கே கூடுதல் கூர்மையாக இருக்கும். முட்டை அட்டை வடிவத்தில் விற்கும் ஃபோம் இதற்கு உதவாது. அது கைதட்டலின் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், அதற்கு இரண்டு அங்குல ஃபோம் ஒரு தடையே அல்ல.

கூம்புக்காகிதம்:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் நாற்காலியை நகர்த்தினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அதே அளவு ஒலியை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், தர வேண்டுமானால் வூஃபர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். 5 அங்குலக் கூம்பின் பரப்பும் குறைவு, அசையும் தூரமும் குறைவு. துளையுள்ள பெட்டியில், துளை இசைக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்ற வேகத்தில் சரியும். மூடிய பெட்டியில் அது 12 டெசிபல். இந்த அளவுள்ள ஸ்பீக்கர்கள் பலவும் 50 ஹெர்ட்ஸ் அருகிலேயே சரியத் தொடங்கிவிடும். ஏ கம்பி வரை அவை ஈடுகொடுக்கும். இ கம்பிக்கு, அடியொலிக்கென்றே தனிப் பெட்டியாக வரும் சப்வூஃபர்தான் வேண்டும்.

ஆம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கிய பணத்தில் 10 அங்குலச் சப்வூஃபர் ஒன்றை, முடிந்தால் மூடிய பெட்டியுள்ளதாக, வாங்குங்கள். சப்வூஃபர் என்றால் பேருந்தில் கேட்பதுபோல் இடிக்கும் என்ற பயம் வேண்டாம். இடிப்பது அதன் ஒலி அளவை ஏற்றி வைப்பவர்களின் கைவேலை.

இன்னொன்று, ஒலி குறையும்போது காது பேஸை அதிகமாக இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டியது இது. இரவில் மெதுவாகக் கேட்கும்போது பேஸ் மெலிவது உங்கள் கருவிகளின் குற்றமன்று. ஆம்ப்ளிஃபயரில் லவுட்னெஸ் பொத்தான் இருந்தால் இரவில் தயங்காமல் அழுத்துங்கள். அது அதற்காகவே வைக்கப்பட்டது.

தெற்குத்தாழ்வாரம்:

அனைவருக்கும் நன்றி. ஒயர் இணைப்பு சரியாகவே இருக்கிறது. நாற்காலியைச் சொன்னபடி பின்னுக்குத் தள்ளினேன்; முழக்கம் அடங்கி, பேஸ் கிட்டார் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் செல்வது இப்போது தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இதுவரை கேட்காத ஒன்றும் வந்திருக்கிறது: அருகில் உள்ள இரும்பு பீரோவின் கைப்பிடி குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் கிர்ரென்று அதிர்கிறது. மிகக் கீழே உள்ள சுரங்கள் முன்பைவிடப் பரவாயில்லை என்றாலும் இன்னும் மெலிவாகத்தான் இருக்கின்றன. சப்வூஃபர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். அதை மூலையில் வைக்கலாமா? இரண்டு வாங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே?

கூம்புக்காகிதம்:

பல சப்வூஃபர்களைப் பற்றி ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி என்ற ஆய்வாளர் செய்த ஆய்வின் நோக்கம், பல இருக்கைகளிலும் பேஸ் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பது. ஒற்றை நாற்காலிக்கு, சரியான இடத்தில் வைத்த ஒன்றே போதும்.

மூலையில் எல்லா அதிர்வெண்களுக்கும் மேடு இருப்பதால், அங்கே வைத்தால் ஒலி கூடும், நீங்கள் அடக்கிய 75 ஹெர்ட்ஸும் மீண்டும் கிளம்பும். அதைவிட, முன்சுவரிலிருந்து 4 அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பக்கச்சுவரை ஒட்டி வையுங்கள். 75 ஹெர்ட்ஸுக்கு அது பள்ளம் என்பதால் அங்கிருந்து அதைக் கிளப்ப முடியாது, 37.5 ஹெர்ட்ஸைத் தேவையான அளவு கிளப்பும்.

கிராஸ்ஓவரை, அதாவது சப்வூஃபர் எந்த அதிர்வெண் வரை ஒலிக்க வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் தெரியாது. பின்பு 80 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை 0, 180 என்று வேறொருவரை மாற்றச் சொல்லி, நாற்காலியில் அமர்ந்தபடி எதில் ஒலி கூடுகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

நாற்பதுஹெர்ட்ஸ்:

அதற்குப் பிறகும் முழக்கம் மிஞ்சினால் ஈக்யூவில் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில்) மேட்டை மட்டும் குறையுங்கள், பள்ளத்தை நிரப்ப முயல வேண்டாம். 6 டெசிபல் ஏற்ற நான்கு மடங்கு வாட் செலவாகும், அந்தப் பள்ளம் அதையும் விழுங்கிவிடும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால் மேடு எங்கே இருக்கிறது என்பதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். பீரோ கைப்பிடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டுங்கள். சப்வூஃபர் வந்த பிறகு பரணில் உள்ள பாத்திரங்களும் இதையே செய்யும்.