தூங்காமலே தெம்பா இருக்கிறவங்க: மேனியா அனுபவங்கள்

எஸ்டேட் டிஸ்பென்சரி, குன்னூர் பக்கம்:
கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தர். ராத்திரி மூணு மணி, மூடுபனி. லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னாடி டார்ச்சைப் பல்லில் கடிச்சுக்கிட்டு கேரட் பாத்தி கொத்திட்டிருந்தாங்க. வீட்டில் "சாமி இறங்கியிருக்கு"ன்னாங்க. தூக்கம் கெட்டவர் காலையில் துவண்டு கிடப்பார். இவங்களுக்கு ரெண்டு மணி நேரமே போதும், பகலில் மேட்டில் எல்லாரையும் முந்தறாங்க. மேனியாவை, அதாவது மனசும் தெம்பும் அளவு மீறி ஏறிப்போற நோய்நிலையை, இதில்தான் பிடிக்கணும். "தூக்கம் வருதா?"ன்னு கேட்டா "நல்லா வருது"ம்பாங்க. எப்போ படுத்தீங்க, எப்போ எழுந்தீங்க, பகல்ல அசதி உண்டான்னு கேளுங்க.

கூடலூர்:
தூக்கத்தை மட்டும் வெச்சு எப்படிங்க சொல்றது? டி.எஸ்.எம்.-5 (மனநோய்களைக் கண்டுபிடிக்கிற அமெரிக்கக் கையேடு) கணக்குப்படி மனநிலையும் தெம்பும் சேர்ந்து ஏறணும், ஒரு வாரமாவது நீடிக்கணும். (ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போயிட்டா வாரக் கணக்கு வேண்டாம்.) அதோட தூக்கம் தேவைப்படாதது, பேச்சு கூடறது மாதிரி ஏழு அறிகுறியில் மூணு. குஷி இல்லாம எரிச்சல் மட்டும்னா நாலு. இந்த எரிச்சல் கேஸைத்தான் இங்கே குடின்னு தள்ளிடறாங்க. ஜீப் ஓட்டறவர் ஒருத்தர், ஸ்டாண்டில் எல்லாரோடவும் சண்டை, மூணு ஜீப்புக்கு அட்வான்ஸ் வேற. ஊதச் சொன்னா வாடையே இல்லை! வீசிங்குக்கு பிரெட்னிசலோன் ஓடிட்டிருந்தது. ஸ்டீராய்டும் இப்படித் தூக்கிவிடும். அதுக்காக டாக்டரைக் கேக்காம திடீர்னு நிறுத்தவும் கூடாது. தைராய்டு கூடினாலும் இதே கூத்துதான். டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காம பைபோலார்னு (மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வர்ற நோய்) எழுதாதீங்க.

மருந்துக்கடை, ஊட்டி:
மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பிச்ச பையன், அடுத்த அட்டை வாங்க வந்தப்போ கடையில் நின்ன அத்தனை பேருக்கும் டீ சொன்னான். பேச்சு நிக்கவே இல்லை. அந்த மாத்திரையே சிலரை மேனியாவுக்கு ஏத்திடும். எழுதறதுக்கு முன்னாடி பழைய ஏற்றம் உண்டான்னு வீட்டாளைத்தான் கேக்கணும். அவனைக் கேட்டா "அப்போ சூப்பரா இருந்தேன்"பான்.

யாரும் கேக்கலை, இருந்தாலும் மேனியாவை அடக்கக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை பத்தி. கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் கொடுக்கணும். காலை மாத்திரையைப் போட்டுட்டு லேபுக்கு வந்தா அளவு பொய்யா ஏறிக் காட்டும். தொடர்ந்து சாப்பிடறவங்களுக்குப் பொதுவா ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. 1.5 தாண்டினா ஆபத்து: வாந்தி, பேதி, பெரிய நடுக்கம், தள்ளாட்டம். மேடு ஏறி முட்டி வலின்னு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் கேப்பாங்க, கொடுக்காதீங்க. சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாம தேக்கிடும். பாராசிட்டமால் போதும். உப்பைத் திடீர்னு குறைச்சாலும் அதே கதி. மேனியா ஏறியிருக்கிறப்போ வாக்குவாதம் வேண்டாம், ஏ.டி.எம். கார்டையும் வண்டிச் சாவியையும் முதல்ல வாங்கி வையுங்க. ராத்திரி யாரைக் கேக்கறதுன்னு தெரியலைன்னா 14416, டெலி மானஸ் (அரசோட மனநல உதவி எண்), தமிழ்லயே பேசலாம்.