744, எவர்கிரீன் டெரஸ்

'த சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரைப் பார்க்க ஆரம்பித்த புதிதில், நாயகன் ஹோமரின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸ் வீட்டைக் காட்டினாலே எனக்கு எரிச்சல் வரும். 1990இல் வந்த ஒரு அத்தியாயத்தில் நெட், ஹோமரை உள்ளே கூப்பிட்டு, குழாயிலிருந்தே ஹாலந்து பீர் பிடித்துக் கொடுப்பார். அதையும் குடித்துவிட்டு, "பகட்டு காட்டுகிறாயா?" என்று ஹோமர் சண்டைக்குப் போவான். நான் ஹோமர் கட்சி.

அப்புறம் சூறாவளி அத்தியாயத்தைப் பார்த்தேன். 1996 டிசம்பரில் வந்தது. எவர்கிரீன் டெரஸ் தெருவில் 742ஆம் எண், ஹோமர் வீடு, அப்படியே நிற்கிறது, பக்கத்து 744, நெட் வீடு, தரைமட்டம். காப்பீடும் கிடையாது, அதுவும் சூதாட்டம்தான் என்று எடுக்காமல் விட்டவர் நெட். சரி என்று ஊரே கூடி வீட்டைக் கட்டித் தருகிறது. எப்படி? தரைக்குப் பலகை போதவில்லை, மண்ணுக்கே பெயின்ட் அடித்துவிட்டார்கள். நடைவழி போகப் போகக் குறுகி, கடைசிக் கதவு பூனை நுழையும் அளவு. ஒரு அறையில் மின்சாரம் ரொம்ப அதிகமாம், தொப்பி போட்டுக்கொண்டு போவது நல்லதாம்!

நான் இதைப் பார்த்த சமயம் எங்கள் வீட்டு மாடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. குளியலறைக் கதவு முழுசாகத் திறக்காமல் வாஷ்பேசினில் இடித்தது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றார் மேஸ்திரி. அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நெட்டும் அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்து வருவார். வெளியே வந்ததும் மொத்த வீடும் சரிய, அத்தனை பேரையும் வரிசையாக வைத்து வாங்குவார், சின்னப் பெண் லிசாவைக்கூட விடாமல். பிறகு தானே போய் மனநல மருத்துவமனையில் சேர்ந்துகொள்வார். அன்றோடு நான் கட்சி மாறிவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு வேலை விஷயமாக அமெரிக்காவில் போர்ட்லாண்ட் போயிருந்தேன். இந்தத் தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் வளர்ந்த ஊர். எவர்கிரீன் டெரஸ் என்ற தெருவும் ஃபிளாண்டர்ஸ் என்ற தெருவும் நிஜமாகவே அங்கே இருக்கின்றன, பெயர்களை அங்கிருந்துதான் எடுத்தார். ஃபிளாண்டர்ஸ் தெருவில் நெடுஞ்சாலைக்கு மேலே, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் 2021இல் ஒரு பாலம் திறந்தார்கள். அதற்கு நெட் ஃபிளாண்டர்ஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆட்டம் இல்லாத, கெட்டியான பாலம். நடுவில் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தக் கதவு இன்னும் இடிக்குதுடா" என்றார்.