அபார்ட்டும் கேன்சலும் ஒன்றா? 'ரத்து' பற்றி

வணக்கம்.

இயக்கி (வன்பொருளை ஓட்டும் மென்பொருள், டிரைவர்) ஆவணத்தில் அபார்ட் (abort), கேன்சல் (cancel) இரண்டுக்கும் தமிழில் 'ரத்து' என்றே போடலாம் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். படிக்க எளிதுதான். ஆனால் ரத்து என்றால் காரியம் அத்தோடு முடிந்தது. ரயில் ரத்து என்று அறிவித்த பிறகு அந்த வண்டி வராது. இங்கே வண்டி வரும்.

லினக்ஸில் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டிகள் பேசும் நெறிமுறை, NVMe) வட்டுக்கு ஒரு வாசிப்புக் கட்டளை போகிறது. 30 விநாடியாகியும் (நாம் மாற்றாவிட்டால் அதுதான் கெடு) பதில் இல்லை. இயக்கி அபார்ட் அனுப்புகிறது. அதுவும் ஒரு கட்டளைதான்: இன்ன வரிசையில் இன்ன எண்ணுள்ளதை முடிந்தால் விட்டுவிடு என்கிறது. வட்டு விடலாம், விடாமலும் போகலாம். பதிலில் கடைக்கோடி பிட் 1 என்று வந்தால் நிறுத்தவில்லை என்று பொருள். பழைய கட்டளை அப்போதும் உயிரோடுதான் இருக்கும். அதற்குக் கொடுத்த நினைவகத்தில் வட்டு எந்நேரமும் எழுதலாம். ரத்தாகிவிட்டது என்று நம்பி அந்த இடத்தை விடுவித்தால், அடுத்துக் குடிவந்தவர் தரவு பாழ். சோதனைக்காக எழுதிய இயக்கியில் நானே இதைச் செய்துவிட்டு, இரண்டு நாள் ரேம் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

அபார்ட்டுக்குக் 'கைவிடல்' என்று வைப்பது இன்னும் மோசம். யார் கைவிடுவது? இயக்கி கைவிட்டுவிடக் கூடாது என்பதுதானே இங்கே பாடமே!

எனவே 'மீளப்பெறல்' என்று வைக்கலாமா? வேட்புமனு வாபஸ் மாதிரி. கேட்பது நம் உரிமை, ஆனால் நேரம் தாண்டிவிட்டால் பெயர் சீட்டில் ஏறிவிடும். இலங்கையில் வங்கியில் பணம் எடுப்பதற்கும் இதே சொல்தான். வட்டு பற்றிய ஆவணத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உண்மையான குறை வேறு. மீளப்பெறல் பலிக்காவிட்டால் அடுத்து ரீசெட், அதற்கு நாம் 'மீட்டமைப்பு' என்று வைத்திருக்கிறோம். இரண்டும் அடுத்தடுத்த வரியில் வந்தால் கண் தடுமாறும். ஸ்கசி (இன்னொரு வட்டு நெறிமுறை, SCSI) பிழை கையாளலில் சாதனம், இலக்கு, பஸ், ஹோஸ்ட் என்று வரிசையாக நான்கு மீட்டமைப்பு வருகிறது, கேட்கவே வேண்டாம்.

'ரத்து'வைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வட்டுக்கு இன்னும் அனுப்பாமல் நம் வரிசையிலேயே காத்திருக்கும் கட்டளையை நீக்கினால் அது ரத்துதான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்துவிட்டதற்கு மட்டும் 'மீளப்பெறல் கோரிக்கை'. நிறுத்தப்பட்ட கட்டளை திரும்பி வரும்போது என்விஎம்இ தரும் நிலைக்குறியின் பெயரிலேயே 'அபார்ட் கோரப்பட்டது' என்றுதான் இருக்கிறது.

அப்புறம், டைம்அவுட்டுக்கு 'கெடு தாண்டல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'நேர முடிவு' வேண்டுமென்பவர்கள் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.