வார்டில் நன்னடத்தையை எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி (பொது மருத்துவ ஆசிரியர்):
மருத்துவ நெறிமுறைத் தேர்வில் மாணவர்கள் எல்லோரும் அழகாக எழுதுகிறார்கள். வார்டுக்கு வந்ததும் நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல் ‘அந்த லிவர் கேஸ்’ என்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. நடத்தைக்கும் மதிப்பெண் வைக்கலாமா?

பதில் (அறுவை சிகிச்சை மருத்துவர்):
சார், அந்தப் பேச்சை அவர்கள் நம்மிடம்தான் கற்கிறார்கள். வகுப்பில் கேட்டதை விட ரவுண்ட்ஸில் பார்த்ததுதான் மனதில் நிற்கும். முதலில் யூனிட் தலைவர் நோயாளியின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, தன் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கட்டும்.

மதிப்பெண்ணை விட, சின்னச் சின்ன நிகழ்வுகளை எழுதி வைத்து மாணவரோடு பேசுவதையே நான் நம்புகிறேன். பின்னாளில் மருத்துவ உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 அமெரிக்க மருத்துவர்களின் கல்லூரிப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2005இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மாணவப் பருவத்தில் கடும் பொறுப்பின்மை, தன்னைத் திருத்திக்கொள்ளும் திறன் குறைவு, இவை இரண்டும்தான் அந்த நடவடிக்கையோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்தன. ஒரு தடவை தாமதமாக வருவது வேறு, சொன்ன பிறகும் மாறாமலிருப்பது வேறு.

பதில் (பயிற்சி மருத்துவர்):
கெட்ட செய்தி சொல்ல ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையைப் படித்திருந்தேன். ஆனால் அது புரிந்தது, நான் ஒருவரிடம் அப்படிப் பேசுவதை என் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான். வெளியே வந்ததும், “அவங்க அழுதப்போ நீ பேசாம இருந்தே பாரு, அது சரி” என்றார். அப்புறம் ஒன்று: இரவு முழுக்க டியூட்டி பார்த்தவர்களைத் தூங்க விடுங்கள் சார்.

கேள்வி கேட்டவர்:
சரி, நாளை ரவுண்ட்ஸில் திரையிலிருந்தே தொடங்குகிறேன். டியூட்டி பட்டியலையும் துறைக் கூட்டத்தில் எடுக்கிறேன்.