ராஜபாளையம் நாய்க்குத் தத்துத்தொகை: எவ்வளவு கொடுக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒருவர் வேலை மாறுதலாகி பெங்களூரு செல்கிறார். தன் இரண்டு வயது ராஜபாளையம் பெட்டையைத் தத்துக் கொடுக்க விரும்புகிறார். "விற்பனை இல்லை, தடுப்பூசிச் செலவுக்கு மட்டும்" என்று 8,000 ரூபாய் கேட்கிறார். அதில் 3,000 ரூபாயை நாயைப் பார்ப்பதற்கு முன்பே அனுப்ப வேண்டுமாம்.

பணம் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. சும்மா கொடுத்தால் குட்டி போட வைத்து விற்பவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். முன்பணம்தான் உறுத்துகிறது, கையில் காசு, வாயில் தோசை என்றால் சரி. தடுப்பூசிப் புத்தகத்தின் படம் அனுப்பினார். வெறிநோய் ஊசிப் பக்கத்தில் சென்ற ஆண்டின் ஸ்டிக்கர் மட்டும் இருக்கிறது, இந்த ஆண்டுக்கான கட்டம் காலி. காணொளியில் அவர் பின்னாலிருந்து கூப்பிட்டும் நாய் காதைக்கூட அசைக்கவில்லை. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் உண்டு என்பதால் கவலையாக இருக்கிறது.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: தொகை நியாயமா? கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே பணம் தருவேன் என்று கேட்கலாமா? எழுதி வாங்கும் தாளில் என்னென்ன இருக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன். நாய்களைப் பற்றித் தெரிந்த யாராவது கூட வந்தால் பெட்ரோலும் மதியச் சாப்பாடும் என் செலவு.