காலின் வெலண்ட்: ஆஸ்கருக்குப் போய்த் தடம் மாறினாரா?

பழைய ரீல்: 1982 ஆஸ்கர் மேடையில் 'பிரிட்டிஷ்காரர்கள் வருகிறார்கள்!' என்று முழங்கினாரே, அந்தக் காலின் வெலண்ட் பற்றித்தான். இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்து ஓவிய ஆசிரியராக இருந்தவர். 'இசட் கார்ஸ்' தொடரில் போலீஸ்காரராக நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார், அப்புறம் பிபிசிக்கு நாடகம் எழுதினார். தொழிலாளர் வீட்டுப் பேச்சை அப்படியே எழுதத் தெரிந்த மனிதர். அவருக்குத் திரைக்கதை ஆஸ்கரும் பெயரும் வாங்கித் தந்ததோ, 1924 ஒலிம்பிக் ஓட்டக்காரர்களைப் பற்றிய, கேம்பிரிட்ஜ் பையன்கள் ஓடுகிற 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படம். எனக்கு இது இழப்பாகவே படுகிறது.

மாலதி: ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் ஓடுகிற லிடல் எடின்பரோ மாணவர், மிஷனரி மகன். ஏப்ரஹாம்ஸ் கேம்பிரிட்ஜ்தான், ஆனால் யூதர் என்பதால் ஒதுக்கலை உணர்ந்தவர். காசு வாங்கிப் பயிற்சி தரும் முசாபினியை வைத்துக்கொண்டதற்குக் கல்லூரிப் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார்கள். ஏப்ரஹாம்ஸ் ஒலிம்பிக்கில் ஜெயிக்கும்போது அந்த முசாபினி மைதானத்துக்குள் இல்லை. விடுதி அறை ஜன்னலில் நின்று, தன் சீடனுக்காகக் கொடி ஏறுவதைப் பார்க்கிறார், சந்தோஷத்தில் கையிலிருந்த தொப்பியைக் குத்திக் கிழிக்கிறார். வர்க்கத்தைப் பற்றி இதைவிட என்ன எழுத வேண்டும்?

பழைய ரீல்: அந்தக் காட்சி அருமை, சரி. ஆனால் 1974இல் பிபிசியில் வந்த அவருடைய 'லீட்ஸ் யுனைடெட்!' நாடகத்தைப் பாருங்கள். அதே பெயரில் ஒரு கால்பந்துக் குழு இருக்கிறதே என்று, கால்பந்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1970இல் லீட்ஸ் தையல் ஆலைப் பெண்கள் மணிக்கு ஒரு ஷில்லிங் கூலி உயர்வு கேட்டு வேலையை விட்டு இறங்கிய கதை. சங்கம் பேசி முடித்தது போதாது என்று, ஆலை ஆலையாக நடந்துபோய் மற்றவர்களையும் வெளியே அழைக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் தெரு நிறையப் பெண்கள். அந்தக் கூட்டத்தை எழுதியவர் பிறகு தன்னுடைய 'கிஸ்ஸஸ் அட் ஃபிஃப்டி' நாடகத்தையே அமெரிக்காவுக்கு இடம் மாற்றிப் படமாக்கினார். அந்த ஊர்ப் பேச்சு போய்விட்டதே!

வாத்தியார் மகன்: இருவரும் வெலண்ட் என்ற நடிகரை மறந்துவிட்டீர்கள். 'கெஸ்' படத்தில் பையன் பருந்தைப் பழக்கிய விதத்தை வகுப்பில் சொல்லும்போது, ஆசிரியராக வரும் வெலண்ட் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கேட்கிறார், அவ்வளவுதான். நிஜ வகுப்பறையில் நின்ற ஆளுக்குத்தான் அந்த நிதானம் வரும். அதற்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது சும்மா கிடைக்கவில்லை.

மாலதி: அதைத்தான் நானும் சொல்கிறேன். பேச இடம் கிடைக்காதவனைப் பேச வைப்பது. பருந்துப் பையனும் முசாபினியும் எனக்கு ஒரே வரிசையில்தான் தெரிகிறார்கள்.

பழைய ரீல்: முசாபினியை விட்டுக்கொடுக்கிறேன். லீட்ஸ் பெண்களை விட மாட்டேன்.